கைத்துப்பாக்கிக் கேலிபர்கள் (தற்காப்பு)

கைத்துப்பாக்கிக் குழலின் உள்விட்டத்தையும் அதில் பொருந்தும் தோட்டாவையும் குறிக்கும் அளவு கேலிபர். உரிமம் வைத்திருப்போரும் ஆயுதக் கடைக்காரர்களும் இதைப் 'போர்' என்பார்கள். தற்காப்புக்கு எந்தப் போர் ஏற்றது என்ற வாதம் அமெரிக்காவில் நூறாண்டுக்கும் மேலாக நடக்கிறது. இந்தியாவில் அதற்கு அதிக இடமில்லை. 9 மி.மீ., .38, .45 ஆகியவற்றைச் சட்டம் படைக்கும் போலீசுக்கும் ஒதுக்கிவிட்டது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் திருவேற்காடு நகராட்சிக்குள் இருக்கும் வேலப்பன்சாவடியில் ஒரு நகைக்கடைக்காரர் உரிமம் வாங்கினால் அவர் கைக்கு வருவது பெரும்பாலும் .32 போர் ரிவால்வர் அல்லது பிஸ்டல். சில கிலோமீட்டர் வடக்கே ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் 120, 125 மி.மீ. பீரங்கி பொருத்திய டாங்கிகள் உருவாகின்றன. அதே வட்டாரத்துக் குடிமகனுக்குச் சட்டம் விட்டுவைத்திருப்பது எட்டு மி.மீ.கூட நிறையாத ஈயக் குண்டு.

எண்களும் வகைப்பாடும்

கேலிபர் எண்களை அப்படியே அளவு என்று எடுத்துக்கொண்டால் ஏமாறுவோம். ஆங்கில மரபு அங்குலத்தின் நூறில் பங்குகளாக எழுதும், ஐரோப்பிய மரபு மில்லிமீட்டரில் எழுதும். .32 என்ற பெயரில் வரும் குண்டின் உண்மையான விட்டம் ஏறத்தாழ 0.312 அங்குலம், அதாவது 7.9 மி.மீ. .38 எனப்படுவது உண்மையில் 0.36 அங்குலத்தை ஒட்டியது. வங்கிக் காவலாளிகளின் தோளில் தொங்கும் இரட்டைக்குழல் 12 போருக்குக் கணக்கே வேறு: குழலின் விட்டத்துக்குச் சரியாக வார்க்கப்படும் ஈய உருண்டைகளில் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு வருமோ அதுவே போர் எண். அதனால்தான் 12 போர் 20 போரைவிடப் பெரியது.

இந்தியாவில் .32 என்ற ஒரே பெயரில் இரண்டு தோட்டாக்கள் புழங்குகின்றன. ஒன்று ரிவால்வருக்கான .32 ஸ்மித் அண்ட் வெஸன் லாங். 1896-இல் அறிமுகமான இதன் அடியில் விளிம்பு உண்டு. சுமார் 6.3 கிராம் ஈயக் குண்டு நொடிக்கு 215 மீட்டர் வேகத்தில் போகும், ஆற்றல் 150 ஜூல் அளவில் இருக்கும். மற்றொன்று பிஸ்டலுக்கான .32 ஏ.சி.பி., அதாவது 7.65 மி.மீ. பிரவுனிங். ஜான் பிரவுனிங் வடிவமைத்து, பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனம் 1900-ஆம் ஆண்டு மாடல் பிஸ்டலோடு பரப்பிய தோட்டா இது. குண்டு 4.6 கிராம்தான் என்றாலும் வேகம் அதிகம், ஆற்றல் 175 ஜூல் வரை வரும். ரிவால்வர் தோட்டாவைப் பிஸ்டலில் போட முடியாது. உரிமப் புத்தகத்தில் வெறுமனே '.32' என்று எழுதி வாங்கியவர்கள் தோட்டாக் கடையில் இதை முதல் முறையாகத் தெரிந்துகொள்வதுண்டு.

இவற்றுக்குக் கீழே .22, .25 என்ற சிறு போர்கள் இருக்கின்றன. .25 ஏ.சி.பி. 85 ஜூல் தரும். .22 நீள்தோட்டா கைத்துப்பாக்கியில் 120 ஜூல் வாக்கில் தரும். மேலே, .455 வெப்லி சுமார் 300 ஜூலும், 9 மி.மீ. பாராபெல்லமும் .45 ஏ.சி.பி.யும் 450 முதல் 500 ஜூலும் தருகின்றன. அனுமதிக்கப்பட்ட .32-க்கும் தடுக்கப்பட்ட 9 மி.மீ.க்கும் ஏறத்தாழ மூன்று மடங்கு இடைவெளி.

படைத்தோட்டா அச்சம்

அந்தக் கோடு ஏன் அங்கே கிழிக்கப்பட்டது? குண்டின் வலுவை ஒப்பிட்டுப் பார்த்து யாரும் கிழிக்கவில்லை. 1857-க்குப் பிறகு ஆங்கில அரசு குடிமக்களிடமிருந்து ஆயுதங்களைக் களைவதில் குறியாக இருந்தது. வைஸ்ராய் லிட்டன் காலத்தில் வந்த 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்தியர் ஆயுதம் வைத்திருக்க உரிமம் கேட்டது, ஐரோப்பியருக்கு விலக்கு அளித்தது. உரிமம் பெற்றவரின் துப்பாக்கிகூட அரசை உறுத்தியது. படைக் கிடங்கிலிருந்து திருடிய தோட்டா அதில் பொருந்தினால் என்ன செய்வது என்பதே கவலை.

இந்தக் கவலை வேட்டைத் துப்பாக்கிகளையும் விடவில்லை. மார்ட்டினி-ஹென்றி படைத்துப்பாக்கி .450 அளவில் குண்டு சுட்டதால், 1907-இல் இந்தியாவிலும் சூடானிலும் .450 போர் தடைசெய்யப்பட்டது. யானை, காட்டெருமை வேட்டைக்கு வந்த வெள்ளைக்காரர்களுக்காக ஆங்கிலத் துப்பாக்கி நிறுவனங்கள் .465, .470 என்று புதுப் போர்களைப் படைத்தன. இன்றும் வேட்டை உலகில் கொண்டாடப்படும் .470 நைட்ரோ எக்ஸ்பிரஸ் இந்தத் தடையால் பிறந்ததுதான்.

சுதந்திரம் வந்தபின் 1959-இல் இயற்றப்பட்டு 1962-இல் நடைமுறைக்கு வந்த ஆயுதச் சட்டம் இனப் பாகுபாட்டைத் துடைத்தது, போர்க் கொள்கையைத் தொடவில்லை. விதிகளின் அட்டவணையில் இன்றும் உள்ள வாசகத்தின்படி, .380 அல்லது .455 விளிம்புத் தோட்டாவையோ, படையின் 9 மி.மீ. அல்லது .45 விளிம்பற்ற தோட்டாவையோ ஏற்றிச் சுடக்கூடிய எந்தக் கைத்துப்பாக்கியும் தடைசெய்யப்பட்ட வகை. இவை நான்கும் ஆங்கிலப் படையின் கிடங்குகளில் இருந்தவை. .455 முதல் உலகப்போர் வெப்லிக்கு, .380 இரண்டாம் உலகப்போர் என்ஃபீல்டுக்கு, 9 மி.மீ. ஸ்டென்னுக்கு, .45 தாம்ஸன் எந்திரத்துப்பாக்கிக்கு. அந்த ஆயுதங்கள் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன, அட்டவணை அசையவில்லை.

பட்டியலில் உள்ள .380 என்பது .38 ரிவால்வர் தோட்டா, .380 ஏ.சி.பி. அன்று. 1948 ஜனவரி 30-இல் காந்தியைக் கொன்ற மூன்று குண்டுகளும் இரண்டாவது வகையைச் சேர்ந்தவை, இத்தாலிய பெரெட்டா 1934 மாடலிலிருந்து சுடப்பட்டவை. பேச்சு வழக்கில் இரண்டும் 'பாயிண்ட் த்ரீ எய்ட்டி' என்றே வருவதால் செய்தித்தாள்களும் இவற்றைக் குழப்பிக்கொள்கின்றன.

ஆங்கில அரசின் அச்சத்துக்குச் சிறு போர் பிஸ்டல்களும் காரணம் சேர்த்தன. 1909-இல் லண்டனிலிருந்து இருபது பிரவுனிங் பிஸ்டல்கள் இந்தியாவுக்குக் கடத்தப்பட்டன. அவ்வாண்டு டிசம்பரில் நாசிக் ஆட்சியர் ஜாக்சன் பிரவுனிங்கால் கொல்லப்பட்டார். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷ் மீது வாஞ்சிநாதன் சுட்டதும் பெல்ஜியப் பிரவுனிங்கால்தான். கோட்டுப் பையில் அடங்கும் பிஸ்டல், ரயில் பெட்டிக்குள் நெருங்கிப்போய்ச் சுடும் தூரம். பெரிய போருக்கு அங்கே வேலையே இருக்கவில்லை.

நிறுத்தும் ஆற்றல்

குண்டு பட்டவனை உடனே நிறுத்தும் திறன் பற்றிய கேள்வி கூர்மையாக எழுந்த இடங்களில் ஒன்று இந்தியாவின் வடமேற்கு எல்லை. 1895 சித்ரால் படையெடுப்பில் .303 துப்பாக்கியின் முழு உறையிட்ட குண்டு எதிரியின் உடலில் சிறு துளை போட்டு மறுபக்கம் போய்விட, அவர் தொடர்ந்து ஓடிவந்தார் என்று படையினர் முறையிட்டார்கள். கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதசாலையில் கேப்டன் பெர்ட்டி-கிளே முனை திறந்த குண்டை உருவாக்கினார். பட்டதும் விரியும் அந்தக் குண்டுக்கு ஊர்ப் பெயரே நிலைத்தது. 1899 ஹேக் பிரகடனம் போரில் அதைத் தடுத்தது. இன்று பல நாடுகளின் போலீசார் பயன்படுத்தும் குழிமுனைக் குண்டு அதே கருத்தின் வாரிசு.

அமெரிக்கர்கள் பிலிப்பைன்ஸில் மோரோ வீரர்களை .38 ரிவால்வரால் நிறுத்த முடியாமல் திணறிய பிறகு, 1904-இல் தாம்ஸன், லகார்டு என்ற இரு அதிகாரிகள் சிகாகோ இறைச்சிக்கூடத்து மாடுகளின் மீதும் பிணங்களின் மீதும் சுட்டுப் பார்த்தார்கள். .45-க்குக் குறையக் கூடாது என்று முடிவு சொன்னார்கள். சோதனையில் ஒழுங்கு போதவில்லை, முடிவுக்கு ஆதாரமும் போதவில்லை. ஆனாலும் அமெரிக்கப் படை 1911 முதல் 1985 வரை .45-ஐ விடவில்லை. ஆங்கிலேயர்களோ முதல் உலகப்போருக்குப் பின் எதிர்த்திசையில் போய் .455-ஐக் கைவிட்டு .38-க்கு இறங்கினார்கள். அவசரமாகப் பயிற்சி பெறும் சிப்பாய்க்கு உதைப்பு குறைந்த ஆயுதமே குறிதவறாது என்பது அவர்கள் வாதம். அனுபவத்துக்கு ஒத்து வருவது இந்த வாதம்தான்.

1986 ஏப்ரல் 11-இல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் எஃப்.பி.ஐ. முகவர் சுட்ட 9 மி.மீ. குண்டு ஒன்று குற்றவாளியின் கையைத் துளைத்து மார்புக்குள் புகுந்து இதயத்தை எட்டாமல் நின்றுவிட்டது. அவர் அதன் பிறகும் சுட்டு இரண்டு முகவர்களைக் கொன்றார். இதன் விளைவாக எஃப்.பி.ஐ. 10 மி.மீ., பின்பு .40 என்று மாறியது. குண்டு ஜெலட்டின் கட்டியில் 12 முதல் 18 அங்குலம் ஊடுருவ வேண்டும் என்ற அளவுகோலையும் வகுத்தது. சுற்றி வந்து, 2014-இல் 9 மி.மீ.யே போதும் என்று திரும்பியது. நல்ல குண்டு இருந்தால் பெரிய கைத்துப்பாக்கிப் போர்களுக்கிடையே சொல்லத்தக்க வேறுபாடு இல்லை, எங்கே படுகிறது என்பதே முடிவு செய்கிறது.

தமிழ்நாட்டில் இதற்கு ஊரறிந்த சான்று உண்டு. 1967 ஜனவரி 12 அன்று ராமாவரம் தோட்டத்தில் எம்.ஆர். ராதா எம்.ஜி.ஆரை அருகிலிருந்து சுட்டார். குண்டு இடது காதருகே புகுந்து கழுத்தில் தங்கியது. ராதா தன்னையும் சுட்டுக்கொண்டார். தலையிலும் கழுத்திலும் குண்டு பாய்ந்த இருவரும் பிழைத்தார்கள். கழுத்துக் கட்டோடு எம்.ஜி.ஆர். இருக்கும் படம் தேர்தல் சுவரொட்டியாயிற்று. அவர் குரல் மாறியது, ஆனால் இருபது ஆண்டுகள் வாழ்ந்தார். ராதா 1979 வரை இருந்தார். கைத்துப்பாக்கி திரைப்படத்தில் செய்வதை நேரில் செய்வதில்லை என்பதைத் திரைப்படக்காரர்கள் இருவரே காட்டும்படி ஆயிற்று.

.32-ஐ இந்த அளவுகோலில் வைத்தால் எங்கே நிற்கும்? உருண்டை முனை ஈயக் குண்டு அந்த வேகத்தில் விரியாது. ஊடுருவல் ஓரளவு கிடைக்கும், காயத் துளை சிறியதாக இருக்கும். உதைப்பு மிகக் குறைவு, குறி துல்லியம். 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிஸ்டல் போட்டிகளில் உலக வீரர்கள் விரும்பி எடுப்பது இதே .32 லாங் தோட்டாவின் தட்டைமுனை வடிவத்தைத்தான். அந்தப் போட்டியில் ஜஸ்பால் ராணா 1994, 2006 ஆசிய விளையாட்டுகளில் தங்கம் வென்றார். அனுமதிக்கப்பட்ட பட்டியலுக்குள் ரிவால்வரா பிஸ்டலா என்ற தேர்வில், கையாளப் பழகாதவருக்கு ரிவால்வரே மேல். தோட்டா வெடிக்காமல் போனால் விசையை மறுபடி இழுத்தால் போதும், பிஸ்டலில் மேலுறையை இழுத்துத் தோட்டாவை வெளியேற்ற வேண்டும்.

தயாரிப்பு

எண்பதுகளில் தனியார் இறக்குமதி அடைபட்டபின் நெடுங்காலம் அரசுத் தொழிற்சாலைகளே வழியாக இருந்தன. கான்பூரில் உருவாகும் .32 ரிவால்வர் வெப்லி அண்ட் ஸ்காட் மார்க் IV-இன் வழிவந்தது, ஆறு அறை கொண்டது. இஷாப்பூரில் 'அஷானி' பிஸ்டலும் .22 'நிடர்' ரிவால்வரும் உருவாகின்றன. டில்லி பாலியல் வன்கொலைக்குப் பின் 2014-இல் பெண்களுக்கென்று 'நிர்பீக்' ரிவால்வர் வந்தது. அரைக் கிலோ எடை, அப்போதைய விலை 1.22 லட்சம் ரூபாய். யாருக்கென்று சொல்லி விற்றார்களோ அவர்களில் பெரும்பாலோரின் ஓராண்டு வருமானத்தைவிட அது அதிகமாக இருந்தது. தோட்டாக்களில் பதிந்திருக்கும் 'கே.எஃப்.' முத்திரை புனேயை அடுத்த கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையுடையது. 2021 அக்டோபரில் ஆயுதத் தொழிற்சாலை வாரியம் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது துப்பாக்கித் தொழில் கான்பூர் நிறுவனத்துக்குப் போனது, டாங்கி நிறுவனம் ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்டது.

இன்றைய நிலை

ஆவடி காவல் ஆணையரகம் 2022 ஜனவரி 1-இல் தொடங்கியது முதல் திருவேற்காடும் வேலப்பன்சாவடியும் அதன் எல்லையில் உள்ளன. உரிம விண்ணப்பதாரருக்கு வயது 21 நிறைந்திருக்க வேண்டும், உயிருக்கு ஆபத்து என்பதற்குக் காரணம் காட்ட வேண்டும், காவல் நிலைய விசாரணையும் பயிற்சிச் சான்றும் உண்டு. 2019 திருத்தம் ஒருவர் வைத்திருக்கும் துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது, உரிமக் காலத்தை மூன்றாண்டிலிருந்து ஐந்தாக நீட்டியது. தற்காப்புரிமை பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகளில் அடங்கும். 2023-இல் 'பிரபல்' என்ற புதிய .32 ரிவால்வர் கான்பூரிலிருந்து வந்தது. தேர்தல் அறிவிக்கப்பட்டால் உரிமதாரர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குகிறார்கள். வங்கிக் காவலாளிகளுக்கும் போட்டி வீரர்களுக்கும் விலக்கு தரப்படுகிறது.