கூட்டல் சரி, கணக்கு சரியா?

காமர்ஸ் படித்தவர்களுக்கு ஒரு பழைய வித்தை தெரிந்திருக்கும். டிரையல் பேலன்ஸ் உதைக்கிறதா? வித்தியாசத்தை 9ஆல் வகுத்துப் பார். மீதியில்லாமல் வகுபட்டால் எங்கோ இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கலாம். 4,530ஐ 4,350 என்று எழுதினால் வித்தியாசம் 180, அதாவது 9 x 20.

பஞ்ச் கார்டு காலத்தில் ஒரு கட்டில் உள்ள கணக்கு எண்களையெல்லாம் கூட்டி வைப்பார்கள். அந்தக் கூட்டலுக்குத் தனியாக அர்த்தம் கிடையாது. ஆனால் ஒரு கார்டு காணாமல் போனாலும் மாறிவிடும். ‘ஹாஷ் டோட்டல்’ என்று பெயர்.

ஐ.பி.எம்.மில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் அந்தக் காவலை எண்ணுக்குள்ளேயே வைத்தார். 1954ல் விண்ணப்பித்து, 1960ல் காப்புரிமை பெற்றார். அவர் முறையில் 1234க்குக் காவல் இலக்கம் 4. 1324 என்று மாறினால் 3. நம் டெபிட் கார்டின் கடைசி இலக்கம் இதுதான். பக்கத்து இலக்கங்கள் இடம் மாறுவதில் 09-90 மட்டும் இதற்குத் தப்பிவிடும். 1969ல் ஹாலந்துக்காரர் வெர்ஹோஃப் அந்த ஓட்டையையும் அடைத்தார். ஆதாரின் கடைசி இலக்கம் அவர் வழியில் வருவது.

சரி, வங்கிக்கு வருவோம். ஒரு சாஃப்ட்வேரிலிருந்து இன்னொன்றுக்குக் கணக்குகளை மாற்றும்போது எத்தனை வரிசை, மொத்தம் எவ்வளவு என்று பார்ப்பார்கள். இரண்டும் டேலி ஆகும். ஆனால் எஸ். லக்ஷ்மியின் 82,000 ஆர். லக்ஷ்மிக்கும், அவருடைய 12,500 இவருக்கும் போயிருந்தால்? எண்ணிக்கை அதே, மொத்தமும் அதே. நம் இனிஷியல் பிடிபடாத ஊர்களில் இது நடக்காத காரியமல்ல. வங்கிக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. பென்ஷனை நம்பியிருக்கும் லக்ஷ்மி அம்மாவுக்குத்தான் அந்த மாதம் மருந்து வாங்கக் காசிருக்காது.

அதற்குத்தான் வரிசைக்கு வரிசை செக்சம். கணக்கு எண், பெயர், இருப்பு மூன்றையும் கோத்து ஓர் எண்ணாக்கி, பழைய டேபிளையும் புதியதையும் ஒப்பிடுவது. இரண்டு லக்ஷ்மிகளும் உடனே தெரிந்துவிடுவார்கள். கோக்கும்போது நடுவில் ஒரு பிரிகுறி அவசியம். இல்லாவிட்டால் 12, 3 என்பதும் 1, 23 என்பதும் ஒன்றாகிவிடும்.

தெரிந்தே திருத்துபவனை மட்டும் இது தடுக்காது. வரிசையை மாற்றுகிறவன் பக்கத்திலேயே இருக்கும் செக்சத்தையும் மாற்றிவிடுவான். ஆகவே அதை வேறொருவர் கையில், வேறிடத்தில் வைக்க வேண்டும். லெட்ஜர் காலத்தில் எழுதுபவர் ஒருவர், சரிபார்த்துக் கையெழுத்திடுபவர் இன்னொருவர் என்று வைத்ததும் இதற்காகத்தான்.

வேறிடத்தில் இருக்கும் அப்படியொரு நகல் உங்கள் வீட்டிலும் உண்டு: பாஸ்புக். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அப்பா, அம்மாவின் பாஸ்புக்கில் மறக்காமல் என்ட்ரி போட்டு வாருங்கள்.