திருமங்கலத்துக் கவரும் பென்சில்வேனியாக் காசோலையும்

2009 மே 13 அன்று தமிழ்நாடு நாடாளுமன்றத் தேர்தலுக்கு வாக்களித்துக்கொண்டிருந்தது. அதே தேதியிட்டு, சென்னையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்திலிருந்து வாஷிங்டனுக்கு ஒரு ரகசியக் குறிப்பு போயிற்று. தென்னிந்தியாவில் ஓட்டுக்குக் காசு கொடுக்கப்படுவதுதான் அதன் விஷயம். அதில் முக்கிய ஊர் எங்கள் மதுரைக்குத் தெற்கே இருக்கும் திருமங்கலம். நள்ளிரவில் கதவைத் தட்டிக் கொடுக்கும் பழைய வழக்கத்தை விட்டுவிட்டு, காலை நாளிதழுக்குள் கவரைச் செருகி, அதில் 5,000 ரூபாயும் எந்தச் சின்னத்துக்குப் போடவேண்டும் என்ற சீட்டும் வைத்து, வாக்காளர் பட்டியலில் இருந்த எல்லோருக்கும் கொடுத்தார்கள் என்று அந்தக் குறிப்பு சொன்னது. விக்கிலீக்ஸ் வழியாக ‘தி இந்து’ 2011 மார்ச்சில் அதை வெளியிட்டபோது, அதில் பெயர் வந்தவர்கள் மறுத்தார்கள்.

அந்தக் குறிப்பு எழுதப்பட்டுப் பதினைந்து ஆண்டு கழித்து, 2024 அக்டோபரில், பார்க்கும் திசை மாறியது. பென்சில்வேனியாவில் ஒரு மேடையில் ஏறிய ஈலான் மஸ்க், தன் அமைப்பின் மனுவில் கையெழுத்துப் போடும் பதிவுபெற்ற வாக்காளர்களில் நாளுக்கு ஒருவருக்குப் பத்து லட்சம் டாலர் என்று அறிவித்தார். பெரிய அட்டையில் அச்சடித்த காசோலையைத் தூக்கிப் பிடித்தபடி படமும் வந்தது. மதுரை டீக்கடைகளில் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் ஒரே குரலில் சிரித்தார்கள்: “அவனுகளும் நம்ம வழிக்கு வந்துட்டானுகப்பா!” இந்தக் கிண்டலில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைத் தேடத்தான் இரண்டு ஊரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கவரின் கதை

2006இல் திருமங்கலத்தில் வென்ற ம.தி.மு.க.வின் வீர. இளவரசன் 2008இல் இறந்ததால் வந்த இடைத்தேர்தல் அது. 2009 ஜனவரி 9 அன்று வாக்குப்பதிவு. ஆளுங்கட்சியான தி.மு.க.வின் லதா அதியமான், அ.தி.மு.க.வின் மு. முத்துராமலிங்கத்தை 39 ஆயிரத்துக்கும் அதிகமான வாக்குகளில் தோற்கடித்தார். தேர்தல் வேலையை முன்னின்று கவனித்த மு.க. அழகிரி, அந்த வெற்றியை ஒட்டிக் கட்சியின் தென்மண்டல அமைப்புச் செயலாளரானார். ‘திருமங்கலம் ஃபார்முலா’ என்ற பேர் அதன் பிறகு நாடு முழுக்கப் பரவியது. ஓட்டுக்குக் காசு கொடுத்த முதல் ஊர் திருமங்கலம் இல்லை. ஆனால் அந்தப் பழி அந்த ஊர்ப் பேரோடு ஒட்டிக்கொண்டது.

ஒன்றரை லட்சம் வாக்காளர் உள்ள தொகுதியில் ஆளுக்கு 5,000 என்று அமெரிக்கக் குறிப்பு சொன்னதை அப்படியே நம்பினால் 75 கோடி ரூபாய் ஆகிறது. அப்போது சட்டமன்ற வேட்பாளர் ஒருவர் செலவழிக்கச் சட்டம் அனுமதித்த தொகை 10 லட்சம். அந்த 5,000 மிகைக் கணக்கு, பத்தில் ஒரு பங்குதான் உண்மை என்று வைத்தாலும் ஏழரைக் கோடி. இந்த இடைவெளியில்தான் நம் தேர்தல் நடக்கிறது.

பட்டுவாடா என்பது எங்கள் பக்கத்தில் ஒளிவுமறைவான காரியமே இல்லை. தெருவுக்கு ஒரு பொறுப்பாளர், அவர் கையில் பாகம் எண் போட்ட வாக்காளர் பட்டியல், கொடுத்த பேருக்கு நேரே பேனாவால் ஒரு டிக். “அண்ணே, எங்க வீட்ல அஞ்சு ஓட்டு, நாலுக்குத்தான் வந்திருக்கு” என்று வாசலில் நின்று நியாயம் கேட்கும் குரலைத் தேர்தல் நேரத்தில் மதுரையில் நடமாடிய யாரும் கேட்டிருப்பார்கள். ரேஷன் கடையில் பருப்பு குறைந்ததைக் கேட்கும் அதே தொனி. சட்டப்படி கொடுப்பவரும் வாங்குபவரும் குற்றவாளிகள். அந்தக் குற்றத்தில் பங்கு குறைந்துவிட்டது என்பதுதான் புகார்.

காசோலையின் கதை

அமெரிக்காவில் ஓட்டுப் போடவோ வாக்காளராகப் பதிவு செய்யவோ காசு கொடுத்தால், கூட்டாட்சிச் சட்டப்படி ஐந்தாண்டு சிறை, 10,000 டாலர் அபராதம் வரை விதிக்கலாம். மஸ்க் கொடுத்தது ஓட்டுக்கு இல்லை, பேச்சுரிமையையும் ஆயுத உரிமையையும் ஆதரிக்கும் ஒரு மனுவில் கையெழுத்துப் போட்டதற்கு என்று அவர் தரப்பு சொன்னது. ஆனால் கையெழுத்துப் போடுகிறவர் பதிவுபெற்ற வாக்காளராக இருக்கவேண்டும். அதிலும் முடிவைத் தீர்மானிக்கும் ஏழு மாநிலங்களில் ஒன்றில் இருக்கவேண்டும். மற்ற 43 மாநிலங்களில் பேச்சுரிமைக்கு ஆதரவு தேவைப்படவில்லை போலிருக்கிறது.

பிலடெல்பியா மாவட்ட அரசு வழக்கறிஞர் லாரி கிராஸ்னர் இதைச் சட்டவிரோத லாட்டரி என்று சொல்லி வழக்குப் போட்டார். நீதிமன்றத்தில் மஸ்க் தரப்பு வைத்த வாதம் நம் ஊர் வக்கீல்களையே அசத்தும். இது லாட்டரியே இல்லை, ஏனென்றால் வெற்றியாளர்களைக் குலுக்கிப்போட்டு எடுக்கவில்லை. முன்கூட்டியே பார்த்துப் பேசித் தேர்ந்தெடுத்தோம், பத்து லட்சம் என்பது எங்கள் அமைப்பின் பிரசாரகராக இருக்க அவர்களுக்குத் தரும் சம்பளம் என்றார்கள். வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள், நவம்பர் 4 அன்று, நீதிபதி தடை விதிக்க மறுத்துவிட்டார்.

இந்தக் காசோலைகள் மொத்தக் கதையில் சில்லறைதான். அந்த அதிபர் தேர்தலில் டிரம்பை ஆதரித்து மஸ்க் ஒருவர் மட்டும் செலவழித்தது 25 கோடி டாலருக்கும் மேல். அதில் பெரும்பகுதி எந்த வாக்காளர் கைக்கும் போகவில்லை; விளம்பரம், வீடு வீடாகப் போகும் கூலியாட்கள், தபால் என்று போனது. இதற்கு வழி திறந்தது 2010 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சொன்ன ‘சிட்டிசன்ஸ் யுனைடெட்’ தீர்ப்பு. வேட்பாளரோடு கலந்துபேசாமல் தனியாகச் செலவழிக்கும் வரை, நிறுவனங்களுக்கும் வரம்பு வைக்க முடியாது; அந்தச் செலவும் பேச்சுரிமைதான் என்றது. அதைத் தொடர்ந்துதான் ‘சூப்பர் பேக்’ என்ற அமைப்புகள் முளைத்தன. ஒரு தனிமனிதர் வேட்பாளர் கையில் நேராகக் கொடுத்தால் 2024இல் தேர்தல் ஒன்றுக்கு 3,300 டாலர்தான் வரம்பு. பக்கத்து வாசல் வழியாகப் போனால் வரம்பே கிடையாது.

ஒரே உரிமை, இரண்டு தீர்ப்பு

மேலோட்டமாகப் பார்த்தால் வித்தியாசம் எளிது. இங்கே பணம் கீழே வாக்காளரிடம் இறங்குகிறது, அது குற்றம். அங்கே பணம் மேலே அரசியல்வாதியைச் சுற்றி ஏறுகிறது, அது உரிமை. இதை வைத்துத்தான் அவர்கள் தூதரகம் நம்மைப் பற்றி முகம் சுளித்து எழுத முடிந்தது.

நம் பக்கத்திலும் மேலே ஏறும் பணம் உண்டு. 2018இல் வந்த தேர்தல் பத்திரத் திட்டம் அதற்குப் பேரில்லாத ஒரு பாதை போட்டுக்கொடுத்தது. யார் எந்தக் கட்சிக்குக் கொடுத்தார்கள் என்பது வாக்காளனுக்குத் தெரியாது. 2024 பிப்ரவரி 15 அன்று நம் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் ஒருமித்து அந்தத் திட்டத்தை ரத்து செய்தார்கள். எந்த அடிப்படையில்? அதே பேச்சுரிமை. ஒரு கட்சிக்குப் பின்னால் யார் பணம் இருக்கிறது என்று தெரிந்துகொள்வது வாக்காளனின் உரிமை, அது கருத்துரிமைக்குள் அடங்கும் என்றார்கள். அமெரிக்க நீதிபதிகள் பேச்சுரிமையைப் பணம் வைத்திருப்பவன் வாயில் பார்த்தார்கள். நம் நீதிபதிகள் கேட்கிறவன் காதில் பார்த்தார்கள். இந்த ஒன்றில் வாஷிங்டன் டெல்லியிடம் பாடம் படிக்கலாம் என்று தயங்காமல் சொல்வேன்.

தீர்ப்புக்குப் பின் வெளிவந்த பட்டியல் தமிழனுக்குத் தனிச் சுவாரசியம். நாட்டிலேயே அதிகமாக, 1,368 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வாங்கியது கோயம்புத்தூரைச் சேர்ந்த ஒரு லாட்டரி நிறுவனம். அதில் 509 கோடி தங்களுக்கு வந்தது என்று தி.மு.க. கணக்குக் காட்டியது. தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டு 2003 முதல் தடை. சீட்டு விற்கக்கூடாத மாநிலத்தின் கட்சிக்கு, சீட்டு விற்ற பணம் சட்டப்படியே வந்து சேர்ந்தது. பத்திரங்களில் மிகப் பெரிய பங்கு பா.ஜ.க.வுக்குப் போனது என்பதையும் இதோடு சேர்த்தே சொல்லவேண்டும். இதில் கட்சிக்குக் கட்சி அளவில்தான் வேறுபாடு.

ஆக, டீக்கடைக் கிண்டலில் விடுபட்ட பாதி இதுதான். கீழே இறைக்க மட்டுமே தெரிந்ததாகப் பேர்வாங்கிய நாம், 2018இலிருந்து மேலே ஏற்றுவதற்குச் சட்டமே போட்டோம். மேலே ஏற்றுவதை மட்டும் உரிமையாக்கி வைத்திருந்த அவர்கள், 2024இல் கீழே இறைக்கவும் கற்றுக்கொண்டார்கள். அவர்கள் நம்மைக் காப்பியடித்தார்கள் என்று நாம் சிரிக்கும்போது, நாமும் அவர்களைக் காப்பியடித்ததை மறந்துவிடுகிறோம்.

காசு தோற்ற இடங்கள்

காசு கொடுத்தால் ஜெயித்துவிடலாம் என்பது இரண்டு ஊரிலும் பாதிப் பொய். 2011 சட்டமன்றத் தேர்தலின்போது மதுரை ஆட்சியராக இருந்த உ. சகாயம் பட்டுவாடாவைத் தடுக்கக் கடும் கெடுபிடி காட்டினார். மாவட்டத்தின் பத்துத் தொகுதியும் அ.தி.மு.க. அணிக்குப் போயின. அழகிரியின் கோட்டை என்று எழுதப்பட்ட மாவட்டம் அது. திருமங்கலத்தில் ஜெயித்தவர், இரண்டு ஆண்டுக்கு முன் 39 ஆயிரம் ஓட்டில் தோற்ற அதே முத்துராமலிங்கம்.

அங்கேயும் அப்படித்தான். 2020இல் மைக்கேல் புளூம்பெர்க் தன் சொந்தக் காசில் நூறு கோடி டாலர் செலவழித்துக் கட்சியின் அதிபர் வேட்பாளர் போட்டியில் வென்ற ஒரே இடம் அமெரிக்கச் சமோவா என்ற தீவுப் பகுதி. 2025 ஏப்ரலில் விஸ்கான்சின் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதிக்கான தேர்தலில், மஸ்க் நேரில் போய் இரண்டு பேருக்குப் பத்துப் பத்து லட்சம் டாலர் காசோலை கொடுத்தும், அவர் எதிர்த்த சூசன் கிராஃபோர்டு சுலபமாக வென்றார். அதே ஆண்டு நியூயார்க் மேயர் தேர்தலில் பெரும்பணம் எதிர்ப்பக்கம் நின்றும் சொஹ்ரான் மம்தானி ஜெயித்தார்.

எது அதிகக் கெடுதல்?

இங்கேதான் என் கருத்து சுற்றியிருப்பவர்களோடு மோதுகிறது. மதுரையில் படித்தவர்கள் பலருக்குக் காசு வாங்கும் ஏழை மேல்தான் கோபம். எனக்கு அது இரண்டாவது கோபம்.

கவர் வாங்கியவர் வாக்குச் சாவடிக்குள் போய் யாருக்குப் போட்டார் என்று கொடுத்தவருக்குத் தெரியாது. ரகசிய வாக்கு என்ற ஒரு தட்டி அவரைக் காப்பாற்றுகிறது. மேலே பணம் கொடுத்தவருக்கு அந்தச் சந்தேகமே இல்லை. சட்டசபையிலும் அமெரிக்கக் காங்கிரசிலும் உறுப்பினர் வாக்களிப்பது ஊரறிய. டெண்டர் யாருக்குப் போனது, எந்த விதி தளர்ந்தது என்பது கண்முன்னால் தெரியும். போட்டது திரும்பி வருகிறதா என்று அவர் உட்கார்ந்த இடத்திலேயே சரிபார்த்துக்கொள்ளலாம். 2024இல் செலவழித்த மஸ்க், 2025 ஜனவரியில் அரசுத் துறைகளில் ஆட்குறைப்பு செய்யும் அதிகாரத்தோடு வாஷிங்டனில் உட்கார்ந்தார். ஜூனில் டிரம்போடு முறித்துக்கொண்டார் என்பது வேறு கதை. திருமங்கலத்தில் 5,000 வாங்கியதாகச் சொல்லப்பட்டவருக்குப் பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒரு நாற்காலி கிடைத்திருக்குமா?

அதற்காகக் கவருக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அதன் கெடுதல் வேறு வகை: அது வாக்காளனின் வாயை அடைக்கிறது. சாக்கடை ஏன் தூர்வாரவில்லை என்று கேட்டால், “அதான் அப்பவே வாங்கிட்டீகள்ல?” என்ற பதில் தயாராக இருக்கிறது. வாங்காதவரும் அந்தப் பதிலுக்கு முன்னால் தலைகுனிய வேண்டியிருக்கிறது. அமெரிக்க வாக்காளனுக்கு இந்தக் கூச்சம் இல்லை, அவன் சத்தமாகவே கேட்கலாம். ஆனால் பதில் சொல்ல வேண்டியவர் அடுத்த தேர்தலுக்கு நிதி கேட்டு வேறொருவரோடு போனில் இருக்கிறார்.

தவிர, கீழே இறங்கும் பணம் வானத்திலிருந்து விழுவதில்லை. ஒரு தொகுதிக்கு இத்தனை கோடி இறைக்க முடிகிறதென்றால், அதைவிடப் பெரிய தொகை முதலில் மேலே ஏறியிருக்க வேண்டும். 2012இல் மேலூர்ப் பகுதி கிரானைட் குவாரிகளால் அரசுக்கு 16 ஆயிரம் கோடிக்கும் மேல் இழப்பு என்று அதே சகாயம் அறிக்கை எழுதினார். அந்தப் பணத்தையும் தேர்தலையும் முடிச்சுப் போட என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் மலை மறைந்ததையும் கவர் வந்ததையும் பார்த்த ஊர் இது. காசு எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் யார் வாங்கினார் என்று மட்டும் கேட்பது அரைக் கேள்வி.

கொடுக்கல் வாங்கல்

அமெரிக்காவிடம் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. வேட்பாளருக்கு 200 டாலருக்கு மேல் கொடுத்தவரின் பேர், அவர் வேலை பார்க்கும் இடம் எல்லாம் அங்கே தேர்தல் ஆணையத்தின் தளத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். அதிலும் ஓட்டை இருக்கிறது, சில வகை அமைப்புகள் பேர் சொல்லாமலே செலவழிக்கின்றன. இருந்தாலும் நம் ஊரில் 20,000 ரூபாய் வரை பேர் சொல்லத் தேவையில்லை என்ற விதியோடு ஒப்பிட்டால் அது எவ்வளவோ மேல். நியூயார்க் நகரம் இன்னொரு படி போயிருக்கிறது: உள்ளூர்க்காரர் கொடுக்கும் சிறு நன்கொடைக்கு நகரப் பொதுநிதியிலிருந்து எட்டு மடங்கு வரை சேர்த்துத் தருகிறது. நம்மிடம் 1998லேயே இந்திரஜித் குப்தா குழு அரசே தேர்தல் செலவில் ஒரு பங்கை ஏற்கலாம் என்று சொன்னது. அந்த அறிக்கை கிடப்பில் கிடக்கிறது.

அதற்கு முன்னால் அடைக்கவேண்டிய ஓட்டை ஒன்று. சட்டமன்ற வேட்பாளருக்கு 40 லட்சம் என்று வரம்பு வைத்த நம் சட்டம், அவரை நிறுத்திய கட்சிக்கு ஒரு வரம்பும் வைக்கவில்லை. அமெரிக்காவின் சூப்பர் பேக் செய்கிற வேலையை இங்கே கட்சியே செய்துகொள்கிறது. பறக்கும் படை செக்போஸ்டில் நின்று வியாபாரியின் கைப்பையைக் குடைந்துகொண்டிருக்கும்போது, கட்சியின் செலவுக்கு உச்சவரம்பே இல்லாமல் இருக்கிறது. ஓட்டு கேட்டு வருகிறவரிடம் கேட்க ஒரு கேள்வி வேண்டுமென்றால் இதைக் கேட்கலாம். கவர் வாங்கியவர், வாங்காதவர் இருவருக்குமே அதைக் கேட்கும் உரிமை இருக்கிறது.