ஊரூரில் ஒரு கரும்பலகை

மலர்க் குழுவினர் "ஏதாவது எழுதுப்பா" என்று கேட்டதும், மெஸ் சாம்பாரையும் விடுதி மொட்டை மாடியையும் மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று தோன்றியது. நான் நம் நாட்டு நலப்பணித் திட்டத்து ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி எழுதுகிறேன்.

1969-ல் காந்தி நூற்றாண்டின்போது 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கிய திட்டம் அது. நாங்கள் எட்டுப் பேர் மூன்றாம் ஆண்டில் அதில் சேர்ந்ததற்குக் காரணம் தேச சேவை இல்லை, சான்றிதழ்தான். பெசன்ட் நகர் கடற்கரையை ஒட்டிய ஊரூர்-ஆல்காட் குப்பத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கும் ஆங்கிலமும் சொல்லித்தர வேண்டும். முதல் நாளே ஒரு பையன் கேட்டான்: "அண்ணா, ஆல்காட்னா யாரு?" எனக்குத் தெரியவில்லை. "யாரோ வெள்ளைக்காரன்டா" என்று சொல்லிவிட்டுப் பின்னங்களுக்குப் போய்விட்டேன். வெட்கமாக இருந்ததால் அப்புறம் தேடிப் படித்தேன்.

கர்னல் ஹென்றி ஸ்டீல் ஆல்காட் அமெரிக்கர், பிரம்மஞான சபையின் தலைவர். சபையின் தலைமையகம் 1882-ல் அடையாற்றுக்கு வந்தது. சுற்றியிருந்த சேரிப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமே இல்லாததைப் பார்த்து, 1894-ல் அவர் ஓர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். நால்வருணத்துக்கு வெளியே தள்ளப்பட்டவர்களை அன்று 'பஞ்சமர்' என்றார்கள். அதனால் அது 'பஞ்சமர் இலவசப் பள்ளி' ஆயிற்று. அவர் காலத்திலேயே கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் என்று பள்ளிகள் பெருகின. மயிலாப்பூர்ப் பள்ளிக்குத் திருவள்ளுவர் பெயர். அமெரிக்காவிலிருந்து மிஸ் பால்மர், திருமதி கோர்ட்ரைட் என்ற இரு பெண்மணிகள் வந்து பள்ளிகளைக் கவனித்தார்கள். வெறும் மனப்பாடமாக இல்லாமல், பொருளைக் கையில் கொடுத்துப் பாடம் நடத்தும் கிண்டர்கார்டன் முறையை இந்தப் பிள்ளைகளுக்குக் கொண்டுவந்தார்கள்.

இதில் ஒரு நெருடலும் உண்டு. ஆல்காட் திட்டமிட்டது சில ஆண்டுப் படிப்பு மட்டுமே: எழுத்து, கணக்கு, கொஞ்சம் பேச்சு ஆங்கிலம், சமையல், தையல். நல்ல வீட்டு வேலை கிடைத்தால் போதும் என்ற கணக்கு. இரக்கம் உண்மைதான், ஆனால் இரக்கம் ஒரு கூரையையும் போட்டுவிட்டது. இதே காலத்தில் அயோத்திதாசப் பண்டிதர் இந்த மக்களைப் பூர்வ பௌத்தர்கள் என்றார். 1898-ல் ஆல்காட்டைச் சந்தித்து, அவரோடு இலங்கைக்கும் போய் வந்தார். 1907 பிப்ரவரியில் ஆல்காட் காலமானார். அதே ஆண்டு ஜூனில் பண்டிதர் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கினார். தங்கள் வரலாற்றைத் தாங்களே எழுதுகிறவர்கள் வந்துவிட்டார்கள்.

அடையாற்றுக்குப் பாடம் சொல்ல வந்த இன்னொருவர் மரியா மாண்டிசோரி. 1939 நவம்பரில் சில மாதப் பயிற்சி வகுப்புக்காக வந்தார். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்க, எதிரி நாட்டவர் என்று அவருடைய மகன் மரியோவைப் பிரிட்டிஷ் அரசு காவலில் வைத்தது. ஆகஸ்ட் 31-ல் அம்மையாருக்கு 70 வயது நிறைந்தபோது மகனை விடுவித்தார்கள். 1946 வரை அவர் இந்தியாவில் தங்க நேர்ந்தது. அவர் விட்டுப்போனது கட்டடத்தை அல்ல, பயிற்சி பெற்ற ஆசிரியர்களை. ஆல்காட் நினைவுப் பள்ளி பெசன்ட் நகரில் இன்றும் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாக நடப்பதற்கும் காரணம், வந்துபோனவர்கள் மட்டுமல்ல. தினமும் மணி அடித்ததும் வகுப்பில் நின்ற ஆசிரியர்கள்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். அந்தப் பையன் ஒவ்வொரு வாரமும் கிளம்பும்போது, "அடுத்த வாரமும் வருவீங்களாண்ணா?" என்று கேட்பான். "வருவேன்டா" என்பேன். நான்காம் ஆண்டு கேம்பஸ் இன்டர்வியூ வந்தது. ஆகஸ்டிலிருந்து போகவில்லை, போகமாட்டேன் என்று சொல்லவும் இல்லை. வேலை கிடைத்து ஜனவரியில் இனிப்போடு போனபோது வகுப்பில் நாலே பேர். அவன் இல்லை. "அவன் ஸ்கூல நிறுத்திட்டாண்ணா, கட்டுமரத்துல போறான்" என்றாள் ஒரு பெண். கடலுக்குப் போவது தாழ்ந்த வேலை இல்லை. ஆனால் அதை அவன் தேர்ந்தெடுத்தானா, கணக்குப் புரியாமல் அங்கே போய்ச் சேர்ந்தானா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் வாங்கிய சான்றிதழில் மணி நேரம் மட்டும் சரியாக இருக்கிறது.

இந்நாள் மாணவர்களே, போகாதீர்கள் என்று சொல்லவில்லை. கட்டாயம் போங்கள். ஆனால் ஒரு பிள்ளைக்கு ஒருவர் என்று பொறுப்பெடுங்கள். பரீட்சை வந்தால் ஜூனியரைக் கூட்டிப்போய் அறிமுகப்படுத்திவிட்டு விலகுங்கள். அங்குள்ள பள்ளி ஆசிரியரைக் கேட்டுப் பாடம் நடத்துங்கள். பிள்ளைகள் என்னவாக வேண்டும் என்பதை நீங்கள் தீர்மானிக்காதீர்கள்.

முன்னாள் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்தச் சந்திப்புக்கு வந்திருக்கும் நம் எட்டுப் பேரில் ஆறு பேர் இப்போது சென்னையில்தான் இருக்கிறோம். வருகிற ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு நான் குப்பத்து வகுப்பில் இருப்பேன். இந்த முறை நாள்காட்டியில் ஒரு வருடத்துக்குக் குறித்து வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் வாருங்கள்.