உயிர்மீட்பும் வழிமீட்பும்: கும்மிடிப்பூண்டி நெடுஞ்சாலையில் விபத்துக்காலப் பணிகளின் வரலாறு

சாலை விபத்து நடந்த இடத்தில் இரண்டு பணிகள் உடனே தொடங்கியாக வேண்டும். காயம்பட்டவரை மருத்துவமனையில் சேர்ப்பது ஒன்று. அடைபட்ட வழியைத் திறப்பது மற்றொன்று. சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில் செங்குன்றம் முதல் எளாவூர் வரையிலான பகுதியில் முதல் பணிக்குச் சட்டமும் நிதியும் படிப்படியாக வந்து சேர்ந்தன. இரண்டாவது பணி அந்த வேகத்தில் வளரவில்லை. அந்தக் குறை முதல் பணியின் பலனையும் குறைத்துவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஜி.என்.டி. சாலைக் காலம்

தமிழக அரசின் சிப்காட் நிறுவனம் 1971இல் தொடங்கப்பட்டது. அதன் தொழிற்பேட்டை கும்மிடிப்பூண்டியில் அமைந்தபின் உருக்கு, இரசாயன ஆலைகளின் சரக்கு பெரிதும் ஜி.என்.டி. சாலையை (இந்நெடுஞ்சாலையின் பழைய பெயர்) நம்பியே நகர்ந்தது. அந்நாளில் அடிபட்டவர்களை அவ்வழியே வந்த லாரியோ வேனோதான் ஏற்றிச் சென்றது. போலீஸ் கேஸுக்குப் பயந்து பலர் ஒதுங்கினர், மருத்துவமனைகளும் தயங்கின. பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989இல் உச்ச நீதிமன்றம் இத்தயக்கம் கூடாது என்றது. உயிர்காக்கும் சிகிச்சைதான் முதலில், சட்ட நடைமுறைகள் பிறகு என்பது தீர்ப்பின் சாரம்.

விரிந்த சாலை, வளர்ந்த சிகிச்சை

1999இல் தொடங்கிய தங்க நாற்கரச் சாலைத் திட்டம் இச்சாலையை அகலமாக்கியது. வேகம் கூடியது, ஷிப்ட் முடிந்து சாலையைக் கடக்கும் தொழிலாளிக்கு ஆபத்தும் கூடியது. 2008 செப்டம்பர் 15இல் தமிழகத்தில் 108 ஆம்புலன்ஸ் சேவை வந்தது. உதவ முன்வருபவருக்கு 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் பாதுகாப்பு அளித்தது. 2021 டிசம்பர் 18இல் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஒரு லட்சம் ரூபாய் வரை அரசே ஏற்கும் என்றது. எந்த மாநிலத்தவருக்கும் இது பொருந்தும் என்பதால், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் கும்மிடிப்பூண்டிக்கு வேலைக்கு வந்தவர்களுக்கு இத்திட்டம் பெரும் துணை.

ஆனால் தலைக்காயம் பட்டவருக்கு உயர்சிகிச்சை தேவை. 2022இல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி, நெடுஞ்சாலையை விட்டு மேற்கே விலகித் திருவள்ளூரில் இருக்கிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவமனைக்குப் போவதென்றால் இதே நெடுஞ்சாலையில்தான் தெற்கே போக வேண்டும். அதாவது, சாலை அடைபட்டால் சிகிச்சையும் அடைபடுகிறது.

வழிமீட்பின் தேக்கம்

இருபது டன் எடையுள்ள உருக்குச் சுருளுடன் ஒரு டிரெய்லர் கவிழ்ந்தால், சாதாரண மீட்பு வண்டியால் அதை அசைக்கக்கூட முடியாது. கனரகக் கிரேன் வர வேண்டும். முதலில் சுருளைத் தூக்கி ஓரம் வைத்து, பிறகு வண்டியை நிமிர்த்தி, சிந்திய டீசல்மேல் மணல் கொட்டிய பின்னரே பாதை திறக்கும். சுங்கச்சாலை ஒப்பந்தங்கள் ரோந்து வண்டி, ஆம்புலன்ஸ், கிரேன் மூன்றையும் கேட்கின்றன. ஆனால் கிரேன் இருப்பது வேறு, இந்தச் சுமையைத் தூக்கும் கிரேன் அருகில் இருப்பது வேறு. இதற்கிடையே வரிசை நீள்கிறது. இரவில் அதன் கடைசி வண்டியில் பின்விளக்கு எரியாவிட்டால், பின்னால் வேகமாக வருபவருக்கு அதுவே அடுத்த விபத்து.

சுரங்கச் சாலைகள் கற்ற பாடம்

உயிர்மீட்பும் வழிமீட்பும் பிரிக்க முடியாதவை என்பதைச் சுரங்கச் சாலைகள் கடுமையாகக் கற்றன. ஒதுங்க ஓரமோ திரும்ப வழியோ அங்கே இல்லை. 1999 மார்ச் 24இல் பிரான்ஸ்–இத்தாலி எல்லையில் உள்ள மான்ட் பிளாங்க் சுரங்கத்தில் மாவும் மார்கரினும் ஏற்றிவந்த லாரி தீப்பிடித்து 39 பேர் இறந்தனர். சுரங்கம் மூன்றாண்டுகள் மூடிக்கிடந்தது. அதன்பின் 2004இல் ஐரோப்பிய ஒன்றியம் சுரங்கப் பாதுகாப்புக்குப் பொதுவிதி வகுத்தது. தமிழகத்தில் 108 வந்த அதே 2008 செப்டம்பரில், ஒன்பது கிலோமீட்டர் சுரங்கம் கொண்ட காலாங்–பாய லேபார் விரைவுச்சாலையைச் சிங்கப்பூர் முழுமையாகத் திறந்தது. அங்கே கேமரா கண்காணிப்பும், எச்சரிக்கைப் பலகைகளும், நின்ற வண்டியை இலவசமாக இழுத்துச் செல்லும் குழுவும் ஒரே ஏற்பாட்டின் அங்கங்கள்.

காரனோடையில் கொசஸ்தலை ஆற்றுப் பாலத்தில் லாரி குறுக்கே நின்றாலும் நிலைமை இதுதான்: ஒதுங்க இடமில்லை, திரும்ப வழியில்லை.

முடிவுரை

இப்பகுதிக்குத் தேவையானவை தெளிவானவை. சுமைக்கேற்ற கனரகக் கிரேனைத் தச்சூர்–கும்மிடிப்பூண்டி இடையே எந்நேரமும் நிறுத்த வேண்டும். ஆலைகளின் கிரேன்களை அவசரத்துக்கு அழைக்க முன்கூட்டியே உடன்பாடு வேண்டும். ஆம்புலன்ஸ் எதிர்ப்பக்கம் மாற, பூட்டித் திறக்கும் நடுத்தடுப்பு வழிகள் வேண்டும். வரிசையின் கடைசியில் எச்சரிக்கை விளக்குடன் ரோந்து வண்டி நிற்க வேண்டும். காவல்துறை, நெடுஞ்சாலை ஆணையம், 108 ஆகிய மூன்றும் ஒரே கட்டுப்பாட்டு அறையிலிருந்து இயங்க வேண்டும். சிகிச்சைக்குக் காலவரையும் பொறுப்பும் வகுத்த அரசு, வழிமீட்புக்கும் அவற்றை வகுப்பதே இந்த வரலாற்றின் அடுத்த கட்டமாக இருக்க வேண்டும்.