சபுரோ சக்காய்: காயம் காத்த உயிர்

ஜப்பானியக் கடற்படையின் போர் விமானி சபுரோ சக்காய் 1916 ஆகஸ்டில், கியூஷு தீவிலுள்ள சாகாவில் பிறந்தார். சாமுராய் மரபினர் என்றாலும் உழுது பிழைத்த ஏழைக் குடும்பம். பதினொரு வயதில் தந்தையை இழந்தார். 1933இல் கடற்படையில் சேர்ந்து, கிரிஷிமா, ஹருனா போர்க்கப்பல்களில் பணியாற்றினார். 1937இல் விமானிப் பயிற்சியில் முதலாவதாகத் தேறிப் பேரரசரின் வெள்ளிக் கடிகாரத்தைப் பரிசாகப் பெற்றார். சீனப் போர்முனையில் தொடங்கிய அவரது பணி, 1941 டிசம்பரில் தைனான் விமானப் பிரிவோடு பிலிப்பைன்ஸ் மீதான தாக்குதலுக்கும், 1942இல் நியூ கினியின் லே தளத்துக்கும் சென்றது.

அவரது புகழ் பெரும்பாலும் 64 எதிரி விமானங்களை வீழ்த்தினார் என்ற எண்ணைச் சுற்றியே வளர்ந்தது. மார்ட்டின் கைடின், ஃபிரெட் சைட்டோ ஆகியோருடன் சேர்ந்து 1957இல் வெளியிட்ட ‘சாமுராய்!’ நூலே அதைப் பரப்பியது. ஆய்வாளர் பலர் அதில் பாதியைக்கூட ஏற்பதில்லை. தனிவீரரின் கணக்கைக் காட்டிலும் பிரிவின் கூட்டு வெற்றியையே ஜப்பானியக் கடற்படை போற்றியது. எனவே அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு அவரை அளப்பது பயனற்றது. அவர் உயிர் தப்பிய விதமே கூடுதலாகச் சொல்கிறது.

1942 ஆகஸ்ட் 7 அன்று ரபாவுல் தளத்திலிருந்து குவாடல்கனால் தீவு வரை சுமார் 1,000 கிலோமீட்டர் பறந்த ஜீரோ விமானங்களுள் அவருடையதும் ஒன்று. அங்கே அமெரிக்காவின் வைல்ட்கேட் போர் விமானம் ஒன்றுடன் நெடுநேரம் மோதி அதை வீழ்த்தினார். பிறகு ஓர் அமெரிக்க அணியைப் பின்புறமாக நெருங்கினார். தொலைவிலிருந்து வைல்ட்கேட்டுகள் போலத் தெரிந்தவை, உண்மையில் பின்னிருக்கையில் துப்பாக்கி வீரரைக் கொண்ட குண்டுவீச்சு விமானங்கள். தலையில் குண்டு பாய்ந்தது. வலக்கண் பார்வை போயிற்று, உடலின் இடப்பக்கம் செயலிழந்தது. கழுத்துத் துணியைத் தலைக்கவசத்துக்குள் திணித்து இரத்தத்தை அடக்கியதாக அவரே பின்னர் விவரித்தார். நாலே முக்கால் மணி நேரம் தனியே பறந்து ரபாவுலில் தரையிறங்கினார். ஜப்பானில் மயக்கமருந்தின்றி அறுவைச் சிகிச்சை நடந்தது; வலக்கண் பார்வையை முழுமையாக மீட்க முடியவில்லை.

இந்தக் காயமே அவரைக் களத்திலிருந்து விலக்கி உயிர் காத்தது. அமெரிக்கா தேர்ந்த விமானிகள் பலரைத் திருப்பியழைத்துப் பயிற்சியாளர்களாக்கியது. ஜப்பானியக் கடற்படையிலோ அத்தகைய முறையான சுழற்சி இல்லை. வீரர்கள் தளராமல் பறந்தனர், தளர்ந்தபின்னும் பறந்தனர். சக்காயின் தலைவர் ஜுனிச்சி சசாய் அதே ஆகஸ்டிலும், தோழர் தோஷியோ ஓத்தா அக்டோபரிலும் மாண்டனர். சக்காய் அதற்குள் மருத்துவமனையில் இருந்தார். பின்னர் புதியவர்களுக்குப் பயிற்றுவித்தார். ஒற்றைக்கண் விமானியை 1944 ஜூனில் இவோ ஜிமாவில் மீண்டும் போருக்கு அனுப்பியதே அந்தப் படையின் ஆள்பற்றாக்குறைக்குச் சான்று. அங்கே 15 அமெரிக்க ஹெல்கேட் போர் விமானங்கள் சூழ்ந்தும் அவர் தப்பினார்.

போருக்குப் பின் டோக்கியோவில் அச்சகம் நடத்தினார். புத்தநெறியில் ஈடுபட்டு, உயிர்க்கொலையைத் துறந்தார். தம்மைச் சுட்ட அமெரிக்கத் துப்பாக்கி வீரர்களுள் ஒருவரைப் பின்னாளில் சந்தித்தார். 2000 செப்டம்பர் 22 அன்று, அத்சுகி தளத்தில் அமெரிக்கக் கடற்படையின் விருந்துக்குச் சென்றபோது உடல்நலம் குன்றி 84 வயதில் காலமானார்.