நஞ்சுக்கொடி விழும் வரை சீம்பால் கொடுக்கக் கூடாதா? கன்று பிறந்த முதல் 6 மணி நேரத்தில் என்ன செய்யணும்?

மாடு கன்று போட்டாச்சு. கன்று தள்ளாடி எழுந்து மடியைத் தேடுது. ஆனால் வீட்டில் பெரியவர் ஒருவர், "நஞ்சு இன்னும் விழலை, இப்போ பால் ஊட்ட விடாதே" என்று கன்றைத் தள்ளிக் கட்டச் சொல்கிறார். காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் மட்டுமல்ல, தமிழ்நாட்டின் பல பகுதிகளில் இன்றைக்கும் இருக்கிற நம்பிக்கை இது. கன்று நலமாகப் பிறந்த பிறகும் அதன் உயிருக்கு ஆபத்தைக் கொண்டு வருவது இந்தக் காத்திருப்புதான் என்கிறது கால்நடை மருத்துவம்.

ஏன்? கன்று போடுவதற்கு முன்னும் பின்னும் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது? டாக்டரை எப்போது கூப்பிட வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

காஞ்சிபுரத்தில் மழைக்கால ஈற்று ஏன் சவால்?

பட்டுக்கும் கோயிலுக்கும் பெயர் பெற்ற காஞ்சிபுரத்தைத் தாண்டினால் வாலாஜாபாத், உத்திரமேரூர் பக்கம் ஏரிப் பாசனமும் நெல்லும் கறவை மாடும்தான். தறி இருக்கும் வீடுகளிலும் பின்பக்கம் ஒன்றிரண்டு மாடு கட்டியிருப்பவர்கள் உண்டு. மழைக்காலத்தில் தறிக்குழியில் ஈரம் ஏறி நெசவு மந்தமாகும்போது, அந்த வீட்டுக்குக் கையில் காசு தருவது பால்தான்.

இங்கே மாடுகள் இந்த மாதத்தில்தான் கன்று போடும் என்று எதுவும் இல்லை. வருஷம் முழுக்க சினை ஊசி போடுவதால் எந்த மாதத்திலும் கன்று பிறக்கலாம். பசுவின் சினைக்காலம் சுமார் 280 நாட்கள், எருமைக்கு சுமார் 310 நாட்கள். அப்படியானால் பொங்கல் சமயத்தில் சினை ஊசி போட்ட பசு, ஐப்பசி அடைமழையில் கன்று போடும். வடகிழக்குப் பருவமழை கொட்டும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டகைத் தரை காயாது, ஈயும் கிருமியும் அதிகம். சளி, கழிச்சல், தொப்புள் புண் என்று கன்றுக்கு எல்லாம் சேர்ந்து வரும் காலம் அது.

அதனால் சினை ஊசி போட்ட தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். எல்லா ஏற்பாடும் அந்த ஒரு தேதியில் இருந்துதான் தொடங்குகிறது.

கன்று போடும் முன் என்ன செய்யணும்?

* கடைசி 60 நாள் கறவையை நிறுத்துங்கள். வயிற்றில் இருக்கும் கன்று வேகமாக வளர்வது இந்தக் கட்டத்தில்தான். மடிக்கும் ஓய்வு வேண்டும். பொங்கலுக்கு ஊசி போட்ட மாட்டுக்கு ஆவணியில் கறவையை நிறுத்த வேண்டியிருக்கும். "இன்னும் ரெண்டு லிட்டர் கறக்குதே" என்று கறந்துகொண்டே போனால் சீம்பாலும் குறையும், அடுத்த கறவையும் குறையும்.
* தீவனத்தைக் குறைக்காதீர்கள். பால் தரவில்லை என்று வெறும் வைக்கோலோடு விடுவது தவறு. பசுந்தீவனத்தோடு தினமும் ஒன்றிரண்டு கிலோ அடர்தீவனமும் தாது உப்புக் கலவையும் தேவை.
* கால்சியம் டானிக்கை ஊற்றித் தள்ளாதீர்கள். கடைசி இரண்டு மூன்று வாரங்களில் அளவுக்கு மீறி கால்சியம் கொடுத்தால், எலும்பில் இருக்கும் சத்தை எடுத்துப் பயன்படுத்தும் வேலையை மாட்டின் உடம்பு மறந்துவிடும். கன்று போட்டவுடன் பால் சுரக்க ஆரம்பிக்கும்போது ரத்தத்தில் கால்சியம் சட்டென்று இறங்கி மாடு படுத்துவிடும். இதுதான் பால் காய்ச்சல். ஜெர்சி கலப்பின மாடுகளுக்கு இது அதிகம் வரும். டானிக் கொடுப்பதா வேண்டாமா என்பதை டாக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள்.
* தனி இடம் ஒதுக்குங்கள். ஒரு வாரம் முன்பே மாட்டைக் காய்ந்த தரை உள்ள இடத்துக்கு மாற்றி, சுத்தமான வைக்கோலை நன்றாகப் பரப்புங்கள். வழுக்கும் சிமென்ட் தரை ஆபத்து.
* டிஞ்சர் அயோடின், சுத்தமான நூல், புது பிளேடு, காய்ந்த கோணி, கையுறை ஆகியவற்றை முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

ஈற்று நெருங்கிவிட்டதை எப்படித் தெரிந்துகொள்வது?

மடி புடைத்து, காம்பு விறைத்து நிற்கும். வாலின் அடியில் இரண்டு பக்கமும் இருக்கும் தசைநார் தளர்ந்து பள்ளம் விழும். அறை வீங்கி, கண்ணாடி போன்ற கோழை தொங்கும். மாடு தீவனத்தை விட்டு, எழுந்து எழுந்து படுக்கும். இதெல்லாம் தெரிந்தால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் கன்று வந்துவிடும்.

பிறகு பனிக்குடம் தெரியும். அதைக் கையால் உடைக்காதீர்கள். கூட்டம் கூடாமல், சத்தம் இல்லாமல் தூரத்தில் இருந்து பாருங்கள். முன்னங்கால் இரண்டும், அதன்மேல் வைத்த மூக்கும் முதலில் வந்தால் கன்று சரியான நிலையில் இருக்கிறது. தானாகவே வந்துவிடும்.

டாக்டரை எப்போ கூப்பிடணும்?

* பனிக்குடம் தெரிந்து ஒரு மணி நேரம் ஆகியும் முன்னேற்றம் இல்லை என்றால் (தலைஈற்று கிடேரிக்கு 2 மணி நேரம் வரை பார்க்கலாம்)
* ஒரே ஒரு கால் மட்டும், அல்லது தலை மட்டும், அல்லது வால் தெரிந்தால்
* குளம்பின் அடிப்பாகம் மேலே பார்த்தபடி வந்தால் (பெரும்பாலும் அது பின்னங்கால்)
* ரத்தப்போக்கு அதிகமாக இருந்தால்
* கன்று வந்த பிறகு கருப்பையும் வெளியே தள்ளிவிட்டால் (அடி தள்ளுதல்). இது ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்கக் கூடாத அவசரம். டாக்டர் வரும் வரை அதைச் சுத்தமான ஈரத்துணியில் தாங்கிப் பிடியுங்கள்; நாய், காகம் நெருங்க விடாதீர்கள்.

நாலு பேர் சேர்ந்து கயிறு கட்டி இழுப்பது பல நேரம் கன்றையும் தாயையும் சேர்த்தே பலி வாங்கிவிடும். தமிழ்நாட்டில் கால்நடை அவசர மருத்துவ ஊர்திக்கான கட்டணமில்லா எண் 1962. போனில் இப்போதே சேமித்து வையுங்கள்.

கன்று விழுந்த முதல் நிமிடங்கள்

வாய், மூக்கில் இருக்கும் கோழையைத் துடைத்து எடுங்கள். மூச்சு வரவில்லை என்றால் ஒரு வைக்கோல் தாளால் மூக்குக்குள் லேசாகக் கிளறுங்கள், தும்மல் வரும். கூடவே மூச்சும் வரும். காய்ந்த கோணியால் நெஞ்சையும் முதுகையும் அழுத்தித் தேயுங்கள். கன்றைப் பக்கவாட்டில் சாய்த்து விடாமல், நெஞ்சு தரையில் படும்படி உட்கார வைத்தால் இரண்டு நுரையீரலுக்கும் காற்று போகும்.

பிறகு தாயிடம் விடுங்கள். தாய் நக்குவது வெறும் பாசம் மட்டும் இல்லை. கன்றின் உடம்பு காய்ந்து, ரத்த ஓட்டம் தூண்டப்படும்.

தொப்புள் கொடி நீளமாகத் தொங்கினால் வயிற்றில் இருந்து ஒன்றிரண்டு அங்குலம் விட்டு நூலால் கட்டி, அதற்குக் கீழே வெட்டுங்கள். வெட்டிய இடம் முழுக்க டிஞ்சர் அயோடினில் நனையட்டும். காயும் வரை இரண்டு மூன்று நாள் தொடருங்கள். சாணம், சாம்பல், மண் எதையும் வைக்கக் கூடாது. தொப்புள் வழியாக உள்ளே போகும் கிருமி, ஒன்றிரண்டு வாரம் கழித்து முட்டி வீக்கமாகவும் காய்ச்சலாகவும் வெளியே தெரியும். அப்போது வைத்தியம் கஷ்டம்.

சீம்பால்: கடிகாரம் ஓட ஆரம்பித்துவிட்டது

மனிதக் குழந்தைக்குத் தாயின் வயிற்றிலேயே ஓரளவு நோய் எதிர்ப்புச் சக்தி கிடைத்துவிடுகிறது. மாட்டின் நஞ்சுக்கொடி அமைப்பு வேறு. தாயின் ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்புப் புரதங்கள் அதைத் தாண்டி கன்றுக்குப் போகாது. அதனால் கன்று நோயை எதிர்க்கும் சக்தி ஏறக்குறைய எதுவும் இல்லாமல்தான் பிறக்கிறது. அந்தச் சக்தி முழுவதும் சீம்பாலில் இருக்கிறது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அந்தப் புரதங்களை அப்படியே ரத்தத்தில் சேர்க்கும் வழி கன்றின் குடலில் பிறந்த நேரத்தில் மட்டும்தான் முழுசாகத் திறந்திருக்கும். மணிக்கு மணி அது மூடிக்கொண்டே வரும். 6 மணி நேரம் தாண்டினால் நன்றாகவே குறைந்துவிடும், 24 மணி நேரத்தில் ஏறக்குறைய மூடிவிடும். அதன் பிறகு எத்தனை லிட்டர் சீம்பால் கொடுத்தாலும் அது சத்துள்ள உணவாக இருக்குமே தவிர, ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தியாகச் சேராது.

இப்போது நம்பிக்கைக்கு வருவோம். நஞ்சுக்கொடி விழ 8 மணி நேரம், சில மாடுகளுக்கு 12 மணி நேரம்கூட ஆகலாம். அது வரை கன்றைக் கட்டி வைத்தால் பொன்னான நேரம் முழுக்கப் போய்விடும்.

நஞ்சு விழுவதற்கு உதவுவதே கன்று ஊட்டுவதுதான். கன்று காம்பைச் சப்பும்போது தாயின் உடம்பில் ஆக்சிடோசின் சுரக்கிறது. பால் இறங்கக் காரணமான அதே ஆக்சிடோசின்தான் கருப்பையையும் சுருங்க வைக்கிறது. கருப்பை சுருங்கினால் நஞ்சுக்கொடி வெளியே வரும். ஆக, நஞ்சு விழட்டும் என்று பாலை நிறுத்துவது, நஞ்சு விழுவதையே தாமதப்படுத்தலாம்.

எவ்வளவு கொடுக்கணும்?

கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு என்பது எளிய கணக்கு. 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் குடிக்கிற அளவு, மீதி 6 மணி நேரத்துக்குள். கன்றால் எழுந்து நிற்க முடியவில்லை என்றால் கறந்து புட்டியில் கொடுங்கள். தலையை அண்ணாந்து பிடித்து வாயில் ஊற்றக் கூடாது, புரை ஏறி நுரையீரலுக்குள் போய்விடும். அடுத்த மூன்று நாளும் தினம் அதே அளவை இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுக்கலாம்.

தாய் இறந்துவிட்டால் அல்லது சீம்பால் சுரக்காவிட்டால்? அதே நேரத்தில் கன்று போட்ட வேறு மாட்டின் சீம்பால் நல்ல மாற்று. மிச்சமான சீம்பாலை ஃப்ரீசரில் உறைய வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். கொடுக்கும்போது வெதுவெதுப்பான நீரில் பாத்திரத்தை வைத்து உருக்குங்கள். அடுப்பில் கொதிக்க வைத்தால் எதிர்ப்புப் புரதம் கெட்டுவிடும். பாலில் முட்டையும் விளக்கெண்ணெயும் கலந்து கொடுப்பது உணவாக உதவும். எதிர்ப்புச் சக்தியைத் தராது.

சீம்பாலில் கட்டி செய்து அக்கம்பக்கம் கொடுப்பது நம்ம ஊர் வழக்கம். அதில் தப்பில்லை. முதல் பங்கு கன்றுக்குப் போன பிறகு செய்யலாம், நன்றாக வேக வைத்துச் சாப்பிடணும். அவ்வளவுதான்.

நஞ்சுக்கொடியை என்ன செய்வது?

12 மணி நேரம் தாண்டியும் விழவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். கல், செங்கல் கட்டித் தொங்கவிடுவதோ, கையால் பிடித்து இழுப்பதோ கூடாது. உள்ளே கிழிந்து சீழ் பிடித்தால் அடுத்த சினையே கேள்விக்குறியாகும். விழுந்த நஞ்சை மாடு தின்னாமல் உடனே அகற்றுங்கள்.

நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டினால் மாடு நிறையப் பால் கறக்கும் என்ற வழக்கமும் உண்டு. ஆனால் புரூசெல்லா கிருமி இருக்கும் மாட்டின் நஞ்சுக்கொடி, நாய்க்கும் மற்ற மாடுகளுக்கும் நோயைப் பரப்பும். வெறுங்கையால் தொடும் மனிதருக்கும் விட்டு விட்டு வரும் காய்ச்சல், மூட்டுவலி என்று வரும். கையுறை போட்டு எடுத்து, ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதைப்பதே பாதுகாப்பு. கரு கலைந்த மாடு என்றால் இதில் சமரசமே வேண்டாம்.

தாய் மாட்டையும் மறக்காதீர்கள்

கன்று போட்டு முதல் மூன்று நாள் முக்கியம். காது சில்லென்று இருந்து, எழ முடியாமல், கழுத்தை வயிற்றுப் பக்கம் மடித்துப் படுத்திருந்தால் பால் காய்ச்சலாக இருக்கலாம். பெயரில் காய்ச்சல் இருந்தாலும் உடம்பு சுடாது. டாக்டர் கால்சியத்தை நரம்பில் மெதுவாக ஏற்றினால் பல மாடுகள் சில மணி நேரத்தில் எழுந்துவிடும். நீங்களே வாங்கி ஏற்றாதீர்கள், வேகமாக ஏறினால் இதயம் நின்றுவிடும். நிறையக் கறக்கும் மாடாக இருந்தால் முதல் இரண்டு மூன்று நாள் மடியை ஒட்டக் கறக்காமல் கொஞ்சம் விட்டு வையுங்கள்.

அடுத்த மாதங்களுக்கான அட்டவணை

* 10 முதல் 14 நாள்: முதல் குடற்புழு நீக்க மருந்து. பிறகு 6 மாதம் வரை மாதம் ஒரு முறை
* 2 வாரம் முதல்: கன்றுத் தீவனம், இளம் புல், சுத்தமான தண்ணீர் பழக்குங்கள்
* முதல் மாதம்: எடையில் பத்தில் ஒரு பங்கு பால். பிறகு படிப்படியாகக் குறைத்து மூன்று மாதத்தில் நிறுத்தலாம்
* 4-வது மாதம்: கோமாரி நோய்த் தடுப்பூசி. ஒரு மாதம் கழித்து மறு ஊசி, பிறகு 6 மாதத்துக்கு ஒரு முறை
* 4 முதல் 8 மாதம்: கிடேரிக் கன்றுக்கு மட்டும் புரூசெல்லா தடுப்பூசி, வாழ்நாளில் ஒரே முறை

கோமாரி, புரூசெல்லா இரண்டுக்கும் 2019-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் அரசே இலவசமாகத் தடுப்பூசி போடுகிறது.

கன்றுக்குக் கழிச்சல் வந்தால் பாலை நிறுத்தாதீர்கள். பால் வேளைகளுக்கு நடுவே ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுங்கள். கண் குழி விழுந்து, கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத்தான் பழைய நிலைக்குப் போகிறது என்றால் உடனே டாக்டர் தேவை. சின்னக் கன்றுக்கு நீர் வற்றினால் ஒரே நாளில் உயிர் போய்விடும்.

யாரிடம் கேட்கலாம்?

அவசரத்துக்கு 1962. மற்றபடி அருகில் இருக்கும் அரசு கால்நடை மருந்தகம். 1989-ல் தொடங்கிய தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் காட்டுப்பாக்கத்தில் இருக்கிறது. 2019-ல் மாவட்டம் பிரிந்த பிறகு அந்த ஊர் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தாலும், கறவை மாடு வளர்ப்புக்கான பயிற்சியும் ஆலோசனையும் அங்கே கிடைக்கும்.

இன்று பிறக்கும் கிடேரி ஒழுங்காக வளர்ந்தால் இரண்டரை வயது வாக்கில் அதுவே கன்று போட்டுக் கறவைக்கு வந்துவிடும். வெளியே போய் ஒரு கறவை மாடு வாங்கும் செலவு மிச்சம். அதற்கான முதல் வேலை, கன்று எழுந்து மடியைத் தேடும்போது கயிற்றை எடுக்காமல் இருப்பது.