'செக்-அப் நேரம் வந்தாச்சு': பாலியல் தொற்று மறுபரிசோதனைக்கு ஆட்களை வரவைத்த எஸ்.எம்.எஸ்!

"மாத்திரை சாப்பிட்டாச்சு, எரிச்சலும் போயாச்சு. இனி எதுக்கு இன்னொரு டெஸ்ட்?" பால்வினை நோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்ட பலருக்கும் வரும் கேள்வி இது. 'மூணு மாசம் கழிச்சு மறுபடி வந்து பாருங்க' என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பியிருப்பார். கிளினிக் வாசலைத் தாண்டியதும் அது மறந்துபோயிருக்கும். ஞாபகம் இருந்தாலும், அந்த வரிசையில் இன்னொரு முறை போய் உட்காரக் கூச்சமாக இருக்கும்.

இதில் மறதிக்கு மட்டும் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் உள்ள ஒரு மருத்துவ மையம் சின்ன வைத்தியம் ஒன்றைச் செய்து பார்த்தது. அதுதான் எஸ்.எம்.எஸ்.

குணமான பிறகும் ஏன் டெஸ்ட்?

கிளமிடியாவையே எடுத்துக்கொள்வோம். இது பாக்டீரியாவால் வரும் பாலியல் தொற்று. டாக்ஸிசைக்ளின் மாத்திரையை ஏழு நாள் சாப்பிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் அம்மை மாதிரி 'ஒருமுறை வந்தால் திரும்ப வராது' என்கிற கதை இதில் கிடையாது. மருந்து சாப்பிட்டவருடைய துணைக்கும் தொற்று இருந்து, அவர் சிகிச்சை எடுக்காமல் விட்டிருந்தால், சில வாரங்களிலேயே அது திரும்ப வந்துவிடும்.

இப்படித் திரும்ப வரும்போது அறிகுறியே இல்லாமல் இருப்பதுதான் பெரிய சிக்கல். குறிப்பாகப் பெண்களில் பெரும்பாலானோருக்கு வலியோ எரிச்சலோ எதுவும் தெரியாது. கவனிக்காமல் விட்டால் தொற்று கருப்பை வழியாகக் கருக்குழாய் வரை போய்ப் புண்ணாக்கும். பிற்காலத்தில் குழந்தைப்பேறு தடைபடவும், கரு குழாயிலேயே தங்கிவிடவும் இது காரணமாகலாம். தொற்று திரும்பத் திரும்ப வந்தால் இந்த ஆபத்தும் கூடுகிறது.

அது ஏன் மூன்று மாதம், அடுத்த வாரமே பார்த்தால் என்ன? கிளமிடியாவுக்கு இப்போது செய்யப்படும் பரிசோதனை, கிருமியின் மரபணுப் பொருளைத் தேடுவது. மருந்தில் கிருமி செத்துப்போனாலும் அதன் மிச்சம் சில வாரங்கள் உடம்பிலேயே கிடக்கும். அவசரப்பட்டுச் சீக்கிரமே பார்த்தால், குணமானவருக்கும் 'பாசிட்டிவ்' என்று வந்து வீண் பயத்தைக் கிளப்பும். அதனால்தான் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் உள்ளிட்ட அமைப்புகள், சுமார் மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனை செய்யச் சொல்கின்றன.

இது நாலைந்து பேருடைய பிரச்னை இல்லை. உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி, 2020-ல் மட்டும் 15 முதல் 49 வயது வரை உள்ளவர்களிடம் புதிதாக ஏற்பட்ட கிளமிடியா தொற்றுகள் சுமார் 12.9 கோடி.

சிட்னியில் என்ன நடந்தது?

சிட்னி பாலியல் சுகாதார மையத்துக்கு வந்தவர்களில், ஆண்களுடன் உறவு கொள்ளும் ஆண்களிடம்தான் இது முதலில் ஆராயப்பட்டது. தொற்று வாய்ப்பு அதிகம் உள்ளவர்கள் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எச்.ஐ.வி உள்ளிட்ட பரிசோதனைகளைச் செய்துகொள்ள வேண்டும் என்பது அங்குள்ள வழிகாட்டுதல். தேதி நெருங்கியதும் அவர்களுக்கு மெசேஜ் போனது.

2011-ல் வெளியான முடிவு இது: மெசேஜ் கிடைத்த 714 பேரில், ஒன்பது மாதத்துக்குள் மறுபரிசோதனைக்கு வந்தவர்கள் 64 சதவீதம். அதே காலத்தில் மெசேஜ் போகாதவர்களில் 30 சதவீதம் பேர்தான் வந்தார்கள். இந்த ஏற்பாடு வருவதற்கு முன்பும் 31 சதவீதம்தான். ஆக, இரண்டு மடங்குக்கும் மேல்.

சில பைசா செலவில் இவ்வளவா என்று கேட்கத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். இங்கே யாருக்கு மெசேஜ் போகும் என்பது குலுக்கல் முறையில் முடிவு செய்யப்படவில்லை. மெசேஜ் பெற்றவர்கள் இயல்பாகவே உடல்நலத்தில் கூடுதல் அக்கறை உள்ளவர்களாக இருந்திருக்கலாம். அதே மையத்தில் கிளமிடியா வந்த பெண்களிடமும், எதிர்பால் உறவில் உள்ள ஆண்களிடமும் பார்த்தபோது பலன் இருந்தது, ஆனால் சுமார்தான்: மறுபரிசோதனைக்கு வந்தவர்கள் 21 சதவீதத்திலிருந்து 30 சதவீதமானார்கள். 2014-ல் வெளியான லண்டன் ஆய்வு ஒன்றிலோ, மெசேஜ் அனுப்பினாலும் அனுப்பாவிட்டாலும் திரும்பி வந்தவர்கள் கிட்டத்தட்ட ஒரே அளவு.

ஞாபகப்படுத்தினால் மட்டும் போதுமா?

போதாது என்று காட்டியது இன்னொரு ஆஸ்திரேலிய ஆய்வு. சிட்னி, மெல்போர்ன் நகரங்களில் கிளமிடியாவுக்குச் சிகிச்சை பெற்ற 600 பேர் இதில் சேர்ந்தார்கள். இந்த முறை குலுக்கல் முறையிலேயே பிரித்தார்கள். ஒரு பாதிக்கு, 'கிளினிக்குக்கு வாருங்கள்' என்று மெசேஜ் மட்டும். மறு பாதிக்கு மெசேஜுடன், வீட்டிலேயே மாதிரி எடுத்துத் தபாலில் திருப்பி அனுப்பும் கிட்டும் போனது.

மெசேஜ் மட்டும் கிடைத்தவர்களில் மறுபரிசோதனை செய்துகொண்டவர்கள் 39 சதவீதம். கிட்டும் கிடைத்தவர்களில் 61 சதவீதம். மறுபடி தொற்று வந்திருப்பது தெரிந்து, உடனே மருந்துக்கு வழி கிடைத்தவர்களும் இந்தக் குழுவில்தான் அதிகம். மறதிக்கு மெசேஜ் உதவியது. லீவு போட்டு, பஸ் ஏறி, தெரிந்த முகம் ஏதும் இருக்குமோ என்ற பயத்தோடு காத்திருக்கிற சங்கடத்துக்கு அந்தக் கிட் தேவைப்பட்டது.

மெசேஜில் என்ன எழுதுவது?

மொத்த விஷயத்திலும் நுட்பமான இடம் இதுதான். போன் லாக் ஆகியிருந்தாலும் மெசேஜின் முதல் வரி திரையில் தெரியும். பக்கத்தில் கணவரோ மனைவியோ மாமியாரோ இருக்கலாம். 'உங்கள் கிளமிடியா பரிசோதனை' என்று ஒரு வரி வந்தால், ஒரு குடும்பமே உடைந்துபோகலாம். அதனால் நோயின் பெயரோ, பிரிவின் பெயரோ, பழைய ரிசல்ட்டோ அதில் இருக்கக் கூடாது. 'உங்கள் செக்-அப் நேரம் வந்துவிட்டது, இந்த எண்ணுக்கு அழைக்கவும்' என்ற அளவே போதும்.

ரொம்பப் பொதுவாக எழுதினாலும் ஆபத்துதான். லோன் வேண்டுமா, பரிசு விழுந்திருக்கு என்று தினமும் வரும் குப்பை மெசேஜ்களோடு அதையும் சேர்த்து அழித்துவிடுவார்கள். லிங்க் வைத்து அனுப்பினால், மோசடியோ என்று தொடக்கூட மாட்டார்கள். யார் அனுப்பியது என்பது வாங்குபவருக்கு மட்டும் புரியும்படி, முதல் நாளே 'இந்தப் பெயரில் மெசேஜ் வரும், அனுப்பலாமா?' என்று கேட்டுச் சம்மதம் வாங்கிவிடுவதுதான் வழி. போன் வீட்டில் எல்லோர் கையிலும் புழங்குவது என்றால், வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அவருக்கு உண்டு.

இங்கே யாரைக் கேட்பது?

தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளில் இயங்கும் நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி பரிசோதனையும், சுகவாழ்வு மையங்களில் பால்வினை நோய்களுக்கான சிகிச்சையும் இலவசம். ஒருவரின் எச்.ஐ.வி நிலையை அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடுவதை 2017-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சந்தேகங்களுக்கு 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் பேசலாம்.

மருந்து வாங்கும்போதே, துணைக்கும் சிகிச்சை வேண்டுமா, மறுபரிசோதனை எந்தத் தேதியில் என்று டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கிளினிக்கிலிருந்து மெசேஜ் வராவிட்டால், அந்தத் தேதியை உங்கள் போன் காலண்டரில் நீங்களே போட்டு வைக்கலாம். தலைப்புக்கு 'பல் டாக்டர்' என்று எழுதினாலும் அலாரம் சரியாகத்தான் அடிக்கும்.